கழிப்பறை வரைபடத்தின் ஆறாவது திருத்தம்

மூன்று வருடமாக ஒரே கட்டடத்தின் கழிப்பறைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாராவது வேலை பற்றிக் கேட்டால் ‘எம் அண்ட் இ இன்ஜினியர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அம்மா மட்டும் கல்யாண வீடுகளில் “லண்டன் பில்டிங்கெல்லாம் இவன்தான் டிசைன் பண்றான்” என்கிறார். கட்டடம் லண்டனில் இல்லை. வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகர மன்றத்துக்குச் சொந்தமானது. கீழே நூலகம், மேலே அலுவலகம். நான் உட்கார்ந்திருப்பது கோலாலம்பூரில், எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்தில், பதினோராவது மாடியில். ரிங்கிட் சம்பளத்துக்குப் பவுண்டு நாட்டின் குழாய்களை வரைகிற அலுவலகங்கள் இங்கே நிறைய உண்டு.

எங்கள் தொழிலில் ஒரு வரைபடம் அனுப்பினால் அது தனியாகத் திரும்பி வராது. கூடவே ஒரு கருத்துப் பட்டியல் வரும். வரிசை எண், கருத்து, யார் சொன்னது, அதற்கு நம் பதில். அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘நோட்டட்’ அல்லது ‘அக்செப்டட்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். 2022-இல் வந்த முதல் பட்டியலில் 14ஆம் எண் இப்படி இருந்தது: இரண்டாம் மாடியில் ஆண்கள், பெண்கள் எனத் தனித்தனியாக உள்ள கழிப்பறைகளை எடுத்துவிட்டு, எல்லாப் பாலினருக்கும் பொதுவான அறைகளாக்கி, கை கழுவும் இடத்தை நடுவில் வைக்கவும். இணைப்பில் ஒரு வழிகாட்டி இருந்தது. அதை எழுதியது நகர மன்றம் இல்லை, அரசாங்கமும் இல்லை. ஒரு இயக்கம்.

எனக்கு அதில் தவறாக ஒன்றும் படவில்லை. ‘அக்செப்டட்’ என்று போட்டேன்.

கதவில் பெயரை மாற்றுவதற்கு ரெவிட்டில் ஒரு நொடி போதும். ஆனால் கழிப்பறை என்பது கதவு இல்லை. கழிவு இறங்கும் நூறு மில்லிமீட்டர் குழாய்க்குச் சரிவு வேண்டும், அது உத்திரத்தில் இடிக்கக் கூடாது, கீழே நூலகத்தின் கூரைக்குள் போய் மறைய வேண்டும். எல்லாரும் பயன்படுத்தும் அறை என்றால் தடுப்பு தரையிலிருந்து கூரைவரை போக வேண்டும். அப்படிப் போனால் ஒவ்வொரு அறைக்கும் தனி விளக்கு, தனிக் காற்றுப் போக்கி. தடுப்புகள் தடித்ததும் இடம் சுருங்கியது. ஒன்பதாக இருந்த இருக்கைகள் ஏழாயின. 2023 கடைசியில் நடுவில் வைத்த தொட்டிகள் மறுபடி சுவரோரம் போயின. 2024-இல் இங்கிலாந்து அரசு கட்டட விதிகளில் ‘டி’ என்று ஒரு புதிய பகுதியைச் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், வீடு அல்லாத புதிய கட்டடங்களில் ஆண், பெண் தனிக் கழிப்பறைகள்தான் முதலில் வர வேண்டும், தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளும் பொது அறைகளைக் கூடுதலாக வைக்கலாம், இடமே இல்லாத இடத்தில் மட்டும் அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுபடி வரைந்தோம். 2025 ஏப்ரலில் லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. அடுத்த பட்டியலும் வந்தது.

ஆறாவது திருத்தத்தின்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாலினத்தைப் பற்றி இல்லை, உத்திரத்தைப் பற்றி. யார் இதையெல்லாம் முடிவு செய்கிறார்கள் என்று சீனியரிடம் கேட்டேன். “கிளையன்ட் கேக்கிறாங்க, நீ செய்” என்றார். கிளையன்டுக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியோடு தேடி வாசிக்க ஆரம்பித்து, மூன்று வார இரவுகள் போயின.

வாசித்ததில் பெரும்பகுதி ஸ்டோன்வால் என்ற அமைப்பைப் பற்றியது. 1989-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் இயன் மெக்கெல்லன், நம் தலைமுறைக்குக் காண்டால்ஃப் தாத்தா. அதற்கு முந்தைய ஆண்டு, 1988-இல், தாட்சர் அரசு உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. நகர மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்பது அதன் சாரம். ஊக்குவிப்பது என்றால் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், பள்ளிகளில் ஆசிரியர்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள். அதை எதிர்க்கத்தான் இந்த அமைப்பு பிறந்தது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு நீங்க 2003 ஆகிவிட்டது. இடையில் இராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் மீதிருந்த தடை 2000-இல் எடுக்கப்பட்டதற்கும் இவர்கள் உழைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு மரியாதைதான் வந்தது. கேட்க யாருமில்லாதவர்களுக்காகச் சத்தம் போடத்தான் அழுத்தக்குழு. அதில் ஒரு பிழையும் இல்லை.

2001-இல் அவர்கள் வேறு ஒரு வேலையும் ஆரம்பித்தார்கள். முதலாளிகளுக்கான உறுப்பினர் திட்டம். ஆண்டுச் சந்தா கட்டினால் ஆலோசனை கிடைக்கும், உங்கள் பணியாளர் விதிகளை வாசித்துத் திருத்தம் சொல்வார்கள். தனியார் நிறுவனங்கள் மட்டுமில்லை, அமைச்சுகள், காவல்துறைகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், பிபிசி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், சமத்துவச் சட்டத்தையே காவல் காக்க வேண்டிய சமத்துவ, மனித உரிமை ஆணையம் எல்லாம் சேர்ந்தன. கூடவே ஒரு தரப்பட்டியல், ஆண்டுதோறும் முதல் நூறு இடங்கள். நீங்கள் விதிகளைச் சமர்ப்பிக்க வேண்டும், அவர்கள் மதிப்பெண் போடுவார்கள். 2015-இல் அமைப்பு பாலின மாற்றத்தாரின் உரிமைகளையும் தன் வேலைக்குள் கொண்டுவந்தபோது, அந்த மதிப்பெண்களுக்குள் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் வந்து சேர்ந்தன.

மதிப்பெண் விவகாரம் எனக்குப் பழக்கமானது. நம் நாட்டில் 2009 முதல் பசுமைக் கட்டடக் குறியீடு இருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடம் வைத்தால் புள்ளி உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நெடுஞ்சாலை ஓரத்தில், சைக்கிளில் வந்தால் உயிரோடு வந்து சேர முடியாத ஒரு இடத்தில், பன்னிரண்டு சைக்கிள் நிறுத்துமிடம் வரைந்தேன். இப்போது அங்கே துடைப்பங்களும் உடைந்த நாற்காலிகளும் நிற்கின்றன. பட்டியல் கெட்டதில்லை. அதைத் தயாரித்தவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் கேட்டவர் கையிலேயே மதிப்பெண்ணும் இருந்தால், பயன்படுத்தப் போகிறவனை மறந்துவிட்டுத் தாளைத் திருத்துகிறவருக்காக எழுத ஆரம்பிக்கிறோம்.

இங்கிலாந்தில் இது வெளிச்சத்துக்கு வந்த இடங்களில் ஒன்று எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம். 2019 டிசம்பரில் ஒரு பெண் பேராசிரியரின் கருத்தரங்கம் அங்கே நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் இன்னொரு பெண் பேராசிரியருக்கான அழைப்பில் சிக்கல். இருவரும் பால் என்பது உடல் சார்ந்தது என்ற நோக்கில் பேசுபவர்கள். பல்கலைக்கழகமே அகுவா ரெயிண்டோர்ஃப் என்ற வழக்கறிஞரை நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2021 மே மாதம் அறிக்கை வெளியானது. பல்கலைக்கழகத்தின் கொள்கை சட்டத்தை அது இருக்கிறபடி எழுதவில்லை, ஸ்டோன்வால் விரும்புகிறபடி எழுதியிருக்கிறது என்றார் அவர். 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில், தக்க காரணம் இருந்தால் சில சேவைகளை ஒரே பாலினருக்கு என்று ஒதுக்கலாம் என விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றை வாசிக்காமலே ஒரு விதி நிறைவேறியிருக்கிறது. பல்கலைக்கழகம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில் சமத்துவ ஆணையம், ஆஃப்காம், பிபிசி என ஒவ்வொன்றாக அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறின.

என்னை உறுத்தியது எந்தப் பக்கம் சரி என்பது இல்லை. ஒரு பல்கலைக்கழகம். அதற்குள்ளேயே சட்டத்துறை இருக்கிறது. அவர்களில் யாரும் மூலச்சட்டத்தை எடுத்துப் பார்க்கவில்லையா?

பார்க்க மாட்டார்கள். நானும் பார்த்ததில்லை. வேலையில் இரண்டாம் வருடம், இங்கே ஒரு மாணவர் விடுதிக்கு நீர் ஏற்றும் பம்புகளுக்கான டெண்டர் ஆவணம் தயாரிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் அவகாசம். ஒரு பம்பு விற்பனையாளர் மிக நல்ல மனிதர், தீபாவளிக்கு முறுக்கு டின் அனுப்புபவர். “தம்பி, எதுக்குக் கஷ்டப்படுறீங்க, நான் வேர்ட் ஃபைலா அனுப்பிடுறேன்” என்றார். அனுப்பினார். எட்டுப் பக்கம், அழகான ஆங்கிலம், தவறில்லாத எண்கள். எடுத்து ஒட்டினேன். ஒரு எண்கூடப் பொய் இல்லை, ஆனால் அந்த எட்டுப் பக்கத்துக்கும் பொருந்துகிற பம்பு உலகத்தில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு மூத்த பொறியாளர் கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டார். லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை. நான் களைத்திருந்தேன், அவர் எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

கொள்கைகளும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன என்று இப்போது நம்புகிறேன். அழுத்தம் என்ற சொல்லைக் கேட்டால் மூடிய அறையும் கைமாறும் உறையும்தான் மனதில் வரும். நிஜத்தில் ஒரு மனிதவள அதிகாரி இருப்பார். வெள்ளிக்கிழமை மதியம், அவருக்குப் புரியாத ஒரு விஷயத்தில் பக்கம் நிரப்ப வேண்டும். நல்ல எண்ணத்தோடு ஒரு அமைப்பு எழுதிக் கொடுக்கும். கையெழுத்து மட்டும் நிறுவனத்தினுடையது.

2025 ஏப்ரல் 16 தீர்ப்புக்கு வருகிறேன். ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற பெண்கள் அமைப்பு ஸ்காட்லாந்து அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. அரசு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்கள் பாதிப்பேர் இருக்க வேண்டும் என்ற 2018 சட்டத்தில், பெண் என்ற சொல் யாரையெல்லாம் குறிக்கும் என்பதிலிருந்து தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போனது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, சமத்துவச் சட்டத்தில் பெண், பால் என்ற சொற்கள் உடல்ரீதியான பாலையே குறிக்கும் என்றார்கள். பாலின மாற்றத்தாருக்கு அதே சட்டத்தில் உள்ள பாகுபாட்டுப் பாதுகாப்பு போய்விடாது என்றும் சொன்னார்கள். இது எதிர்ப்பக்க அழுத்தக்குழுக்களின் வெற்றி. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் நன்கொடையாளர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு. ஒன்பதே நாளில் சமத்துவ ஆணையம் ஒரு இடைக்கால அறிவிப்பு வெளியிட்டது. ஒரு காலத்தில் முந்தைய அமைப்பின் திட்டத்தில் உறுப்பினராயிருந்த அதே ஆணையம். பெண்களின் கழிப்பறையைத் திருநங்கைகள் பயன்படுத்தக் கூடாது என்றது அந்த அறிவிப்பு.

ஒன்று சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் இரு தரப்பும் பேசியதை யாரும் பார்க்கலாம், காரணங்களை வாசிக்கலாம், மறுக்கலாம். இணைப்பில் வரும் வழிகாட்டியைவிட அது மேல். ஆனால் அந்த வழக்கிலும் ஓய்வுபெற்ற நீதிபதி விக்டோரியா மெக்லவுட், பேராசிரியர் ஸ்டீஃபன் விட்டில் என்ற பாலின மாற்றத்தார் இருவர் தங்கள் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. எஸ்ஸெக்ஸில் ஒரு பெண்ணைப் பேச விடவில்லை, இன்னொருவரின் அழைப்பைச் சிக்கலாக்கினார்கள், இங்கே இவர்கள் இருவரைப் பேச விடவில்லை. முந்தைய விதியை நம்பி ஏழு வருடம் ஒரு கதவைத் திறந்து போய்வந்த யாரோ ஒருவர், ஒரு ஏப்ரல் மாத வாரத்தில், அந்தக் கதவு தன்னுடையது இல்லை என்று மின்னஞ்சலில் தெரிந்துகொண்டிருப்பார். வாங்கி ஒட்டிய விதியில் இதுதான் ஆபத்து. ஒட்டியவனுக்கு அதன் காரணம் தெரியாது. காற்று திரும்பியதும் அதைப் பிடித்து நிறுத்த அவனிடம் ஒரு வாதமும் இருக்காது.

இதுவரை எழுதியதை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். “எல்லாம் சரி, எங்கேயோ நடந்ததுக்கு உனக்கேன் இவ்வளவு சூடு?” என்றார்.

2012-இல் நான் படிவம் மூன்று. அந்த வருடம் பி.எம்.ஆர். தேர்வு. செப்டம்பரில் பினாங்கில் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான ஒரு கருத்தரங்கம் நடந்தது. நடத்தியது யாயாசான் குரு மலேசியா என்ற ஆசிரியர் அறக்கட்டளையும் புத்ராஜெயாவின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் ஆலோசனை மன்றமும். கல்வித் துணையமைச்சர் புவாட் சர்காஷி போய்த் தொடங்கிவைத்தார். அங்கே விநியோகித்த தாளில், பிள்ளைகளிடம் தன்பாலீர்ப்பின் ‘அறிகுறி’களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பட்டியல் இருந்தது. ஆண் பிள்ளைகள் என்றால் கட்டான உடம்பைக் காட்ட வி வடிவக் கழுத்துச் சட்டையும் கையில்லாத சட்டையும் போடுவது, இறுக்கமான, வெளிர்நிற உடைகளை விரும்புவது, வெளியே போகும்போது பெண்கள் வைத்திருப்பது போன்ற பெரிய கைப்பை வைத்துக்கொள்வது. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. இது எங்கள் வழிகாட்டி இல்லை என்று அமைச்சு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011-இல், பெண்மை நளினம் தெரிகிறது என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 பையன்களைத் திரெங்கானு கல்வித்துறை பெசுட்டில் ஒரு முகாமுக்கு அனுப்பியிருந்தது. அதனால் இந்தப் பட்டியல் வெறும் சிரிப்புக்குரியதில்லை.

அமைச்சு மறுத்தது செய்தித்தாளில் வந்தது. தாள் எங்கள் பள்ளிக்கு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. எவனோ ஒருவனின் அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம். எங்கள் கட்டொழுங்கு ஆசிரியர் அதை ஃபோட்டோஸ்டாட் எடுத்து, பெங்காவாஸ்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வகுப்பில் யாராவது இருந்தால் பின்பக்கம் பெயர் எழுதித் தாருங்கள் என்றார். கெட்டவர் இல்லை அவர். கட்டணம் கட்ட முடியாத மூன்று பேருக்குத் தன் காசில் தேர்வுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பினார்.

நான் பெங்காவாஸ். வெள்ளிக்கிழமை சபைகூடல் முடிந்து மற்றவர்கள் தாளைக் கொடுக்கும்போது எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏதோ எழுதியிருந்தது. என் தாள் வெறுமையாக இருந்தது. வெறும் தாளைக் கொடுத்தால் நான் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு பெயர் எழுதினேன். முதல் வகுப்பிலிருந்து என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவன், சனிக்கிழமை டியூஷனில் என் பக்கத்தில் உட்காருபவன். மெதுவாகப் பேசுவான், கோலம் போடுவான், பந்து வந்தால் ஒதுங்குவான். அந்தச் சனிக்கிழமைகளில் வி கழுத்துச் சட்டை போட்டு, தோளில் ஒரு பெரிய பை மாட்டி வருவான். அவன்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பட்டியல் இருந்தது, அவன் பொருந்தினான். அவன் பெயரை இந்தக் கட்டுரையில் எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவனை ஆலோசக ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் அவன் அப்பா வந்தார். லோரி ஓட்டுபவர், வேலைச் சட்டையோடு, கேண்டீன் படியில் ரொம்ப நேரம் காத்திருந்தார். என்னைப் பார்த்து “என்னய்யா, சாப்டியா?” என்று கேட்டார். தேர்வு முடிந்ததும் அவனை ஈப்போவில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிவம் நான்கில் அவன் நாற்காலி காலியாக இருந்தது, பிறகு வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் இடைநிலைப்பள்ளி முடித்து, மெட்ரிகுலேஷன் கிடைத்து, உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து, இதை எல்லாம் மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் உரிமை, சமத்துவம் என்று பேசுகிற நண்பர்களோடு சேர்ந்தபோது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தமாகப் பேசினேன். 2022-இல் கருத்து எண் 14-க்கு யோசிக்காமல் ‘அக்செப்டட்’ என்று போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. இந்தத் தடவை நல்ல பட்டியல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பட்டியல் என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதும் வரவில்லை.

போன ஆண்டு ஜூலையில் ஒரு நண்பனின் திருமணத்தில் அவனைப் பார்த்தேன். ஈப்போவில் இல்லை இப்போது, ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை செய்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவன் யார், என்ன என்று நான் எழுதியது ஒரு தாளில்தான், அவனிடம் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. விருந்து முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டாவது தே தாரிக் வந்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

“மச்சான், அந்தப் பேரு… ஸ்கூல்ல… நான்தான்டா எழுதுனேன்.”

அவன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “தெரியும்டா” என்றான். “அந்தம்மா மேசைமேல தாளு இருந்துச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் உன் நோட்டப் பாத்து எழுதியிருக்கேன்.”

பதின்மூன்று வருடமாக அவனுக்குத் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தச் சட்ட எங்கண்ணனோடது லா. அவன் ஜிம்முக்குப் போய்ப் போட்டுட்டு எனக்குக் குடுத்தது. பேக் எங்கம்மாவோடது, என்னோடது ஜிப்பு போயிருச்சு. யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றான்.

பிறகு அவன் கோபம் வேறொரு பக்கம் திரும்பியது, எனக்கு இது எதிர்பாராதது. பட்டியல்மீது இல்லை, எழுதிய என்மீதுகூட அதிகம் இல்லை. “அமைச்சு அது எங்களோடது இல்லன்னுச்சுல்ல? பேப்பர்ல வந்துச்சு. எங்கப்பா அந்தப் பேப்பர வெட்டி எடுத்துட்டுப் போனாரு. ‘இது கவர்மெண்ட்டோட ரூல் இல்ல, ஆனா ஸ்கூல் நல்லதுக்குத்தான் செய்யுது’ன்னாங்க. யார்கிட்ட போய்ச் சண்ட போடுறது? எழுதுனவன் ஒருத்தன், குடுத்தவன் ஒருத்தன், யாரோடதும் இல்லங்கிறாங்க.” லோரி ஓட்டுபவர் செய்தித்தாளை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. சாப்டியா என்று மட்டும்தான் என்னைக் கேட்டார்.

என் வேலையைப் பற்றிக் கேட்டான். கைப்பேசியில் அந்த இரண்டாம் மாடி வரைபடத்தைக் காட்டி, ஆறு திருத்தத்தின் கதையைச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தான். “இதுல போறவங்க எத்தன பேரு?” என்றான்.

கணக்கு என்னிடம் இருந்தது. நூற்றுப் பத்து அலுவலர்கள், சதுர மீட்டரை வைத்துப் போட்டது. அவர்களில் எத்தனை பெண்கள், யாருக்கு எந்த அறையில் போவது சிரமம், வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருக்கிற யாராவது இருக்கிறாரா, மார்பில் குழந்தையோடு நூலகத்துக்கு வருகிறவர் மேலே வருவாரா, எதுவும் என்னிடம் இல்லை. மூன்று வருடத்தில் ஆறு பட்டியல், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது வரி. ஒரு வரியிலும் அங்கே வேலை செய்கிற ஒரு ஆள் பேசவில்லை.

திங்கள்கிழமை ஆறாவது பட்டியலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. கழிப்பறைக் கதவுகள் பற்றிய வரிக்கு எதிரே, ‘அக்செப்டட்’ என்று அடித்துவிட்டு அழித்தேன். இந்த மாற்றம் எந்தச் சட்டத்தின் எந்தப் பகுதியின்படி, முந்தைய ஐந்தில் எது யார் கேட்டதால் வந்தது, கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்கப்பட்டதா, அவர்கள் சொன்னதை எங்களுக்கு அனுப்ப முடியுமா என்று நான்கு வரி எழுதினேன். சீனியர் பார்த்துவிட்டு, “நமக்கெதுக்கு இது?” என்றார். கொஞ்சம் யோசித்து, “சரி, குழாய் இடம் மாறுறதால கேக்கிறோம்னு ஒரு வரி சேத்துக்க” என்றார். சேர்த்து அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் கேள்விக்கு விதியின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவதைத் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். மூன்றாவதற்கு எதிரே ஒரே சொல்: ‘நோட்டட்.’

உத்திரத்தில் இடிக்காமலிருக்க, குழாயை முந்நூறு மில்லிமீட்டர் கிழக்கே நகர்த்தியிருக்கிறேன்.